கழுவாத கிளாஸ்

இந்தக் கிளாஸைக் கழுவாமல் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே சார்ஜென்ட், அதற்கு முதலில் நன்றி. போலீஸ்காரர்களுக்கு இந்தப் பக்குவம் தெரியாது என்று நினைத்திருந்தேன். விஸ்கி குடித்த கையோடு கிளாஸை சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஒரு வருத்தம் உண்டு. ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் சாராயக் காரமெல்லாம் பறந்துபோய் அடியில் காய்ந்த பிசுக்கு மட்டும் இருக்கும். அதில் மூக்கை வைத்தால் வெறும் புகை வரும், தணிந்த அடுப்பின் சாம்பல் மாதிரி. எங்கள் ஐலா தீவு விஸ்கியின் நிஜக் குணத்தை அந்தக் காலி கிளாஸில்தான் பார்க்க முடியும். ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் இனாமாகக் கொடுத்து, இதைத்தான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி அனுப்புகிறேன். இந்தத் தீவில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அரை டஜன் இருக்கும்.

ஃபின்லே கில்லீஸ் செத்துப்போனதைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள். முதலில் மூக்கு, பிறகு நாக்கு, கடைசியில் தொண்டை. விஸ்கியைப் பார்க்கிற முறை அது. நடந்ததும் அதே வரிசையில்தான் நடந்தது.

ஆலையில் என்னை 'மூக்கு' என்றே கூப்பிடுவார்கள். எந்தப் பீப்பாய் பக்குவமாகிவிட்டது, எதை இன்னும் கொஞ்ச வருஷம் தூங்கவிடலாம் என்று முகர்ந்து சொல்வது என் வேலை. புட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டில் புகை, உப்பு, தேன் என்று நாலு வரி அச்சாகியிருக்குமே, அதை எழுதுவதும் நான்தான். கீழே டூகல் மெக்எக்கர்ன் என்று என் கையெழுத்து இருக்கும். ஜப்பானிலிருந்து வருகிறவர்கள்கூட அந்தக் கையெழுத்தைக் காட்டி, என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஃபின்லே ஒரு காலத்தில் எங்கள் ஆலையில் வடிக்கும் கொப்பரைகளைப் பார்த்துக்கொண்டவன். கெட்டிக்காரன். குடியிலும் கெட்டிக்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வண்டியைத் துறைமுகச் சுவரில் மோதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மோராகின் இடுப்பை முறித்தான். அன்றோடு குடியை விட்டான். ஆலையில் அவனை ஒரு சொட்டுச் சாராயம்கூட இல்லாத இடத்துக்கு மாற்றினார்கள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகளை எரித்து, முளைகட்டிய பார்லிக்குப் புகை காட்டும் சூளை அது. ஒன்பது வருஷம் புகையோடு கிடந்தான். ஊரே மெச்சியது. கல்யாண வீட்டில் எல்லோரும் கிளாஸைத் தூக்கும்போது அவன் டீக்கோப்பையைத் தூக்குவான், உடனே கைதட்டுவார்கள். ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்ததற்காகக் கைதட்டல் வாங்கிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கைக் கொஞ்சம் களைப்பாக்கிவிட்டுப் போனது. காபி வெறும் வெந்நீராக இருந்தது. சட்டியில் பன்றிக்கறி கருகி வீடெல்லாம் புகைந்ததாம், பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். மூக்கு ஓய்வெடுக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் புட்டிக்குச் சீட்டு எழுத வேண்டிய நாள் ஓய்வெடுக்கவில்லை.

அப்போதுதான் காலி கிளாஸ் ஞாபகம் வந்தது. முந்தின நாள் பீப்பாய்ச் சரக்கை ஊற்றிப் பார்த்த கிளாஸ்களைக் கழுவாமல் எடுத்துப்போய், காலை ஏழு மணிக்குச் சூளை ஜன்னலில் வைத்தேன்.

"சும்மா ஒரு விளையாட்டு ஃபின்லே. இதுல சாராயமே இல்ல, வாசனைதான். என்ன வருது, சொல்லு பாப்போம்" என்றேன்.

பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். கையால் தொட அவ்வளவு பயம். முகர்ந்ததும் அவன் முகம் இளகிவிட்டது.

"நனைஞ்ச கம்பளிச் சட்டைய அடுப்புக்கு முன்னால போட்ட மாதிரி இருக்குய்யா. அப்புறம் நண்டு வேகுற உப்புத் தண்ணி. கடைசியா ஒரு பேரிக்கா. ரொம்ப தூரத்துல."

என் அறைக்குப் போய் அப்படியே எழுதினேன். ஒரு வருஷத்தில் நாலு சீட்டு. அந்தப் பேரிக்காய்ச் சீட்டுக்கு எடின்பரோவில் ஒரு பரிசுகூடக் கிடைத்தது. கேடயத்தில் என் பெயர் பொறித்திருக்கிறார்கள், நீங்கள் வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். ஃபின்லேக்கு ஒன்றும் தெரியாது. குடிக்காதவன் புட்டியின் முதுகை எதற்குத் திருப்பிப் பார்க்கப் போகிறான்? ஆனால் மோராக் கடையில் சாமான் அடுக்குகிற வேலை பார்க்கிறாள். அவள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். புருஷன் வீட்டில் வந்து சொன்ன நண்டும் பேரிக்காயும் என் கையெழுத்துக்கு மேலே இருந்ததைப் படித்து, அவனிடம் சொல்லியும் இருக்கிறாள்.

ஜனவரியில் ஒரு காலை, அவனாகவே ஜன்னல் வழியாக ஒரு கிளாஸை நீட்டினான். "நேத்து வச்சதுல இது ஒண்ணு மட்டும் வித்தியாசமா இருக்கு. நீயே பாரேன்."

விருந்தாளிகளுக்கு முன்னால் செய்வதுபோலக் கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தேன். "செர்ரிப் பழம். பின்னால கொஞ்சம் உப்பு" என்றேன்.

"அது மண்ணெண்ணெய் டூகல்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. கரி படிந்த கையை என் தோளில் வைத்தான். "பாவம்யா நீ. எவ்வளவு நாளா இப்படி? மேலாளர்கிட்ட நீயே போய்ச் சொல்லிரு. வசந்தம் வரைக்கும் நான் வாயத் திறக்கல. ஆனா அதுக்கு மேல பொய்ச் சீட்டு வேணாம், ஜனங்க நம்பிக் காசு குடுத்து வாங்குறாங்க. நீ சொல்லலன்னா நான் சொல்ற மாதிரி ஆயிரும்."

சூளைக்காரன் என்னைப் பாவம் என்றான். அது எனக்கு வலித்தது, ரொம்பவே வலித்தது. ஆனாலும் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது வழி தெரிந்துவிட்டது. குடிகாரன் பேச்சை இந்தத் தீவில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவன் திரும்பக் குடிகாரனானால் போதும்.

அவனிடம் போய், நீ சொன்னது சரிதான் என்றேன். வசந்தத்தில் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என் இடத்துக்கு உன் பெயரைச் சொல்கிறேன், அதற்குள் பீப்பாய் மாதிரிகளை முகர்ந்து பார்க்கிற என் அறைக்கு வந்து பழகிக்கொள் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "என்னையா? இந்தச் சூளைக்காரனையா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அடுத்த நாள் மோராக் தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒரு டப்பா நிறைய ஓட்ஸ் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"அவரு ராத்திரியெல்லாம் தூங்கல டூகல், சந்தோஷத்துல. உங்களத்தான் நம்பி அனுப்புறேன். மூக்கோட நிக்கட்டும். நாக்குக்கு மட்டும் வேணாம். அவரால ஒண்ணோட நிறுத்த முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். மறுபடி ஆரம்பிச்சாருன்னா அடுத்த கப்பல்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நான் போயிட்டா அவரு செத்துருவாரு, அதுவும் எனக்குத் தெரியும்."

"என்னை நம்பு மோராக்" என்றேன். அவள் போன பிறகு பிஸ்கட்டைத் தின்று பார்த்தேன். ருசி தெரியவில்லை. மொறுமொறுப்பு நன்றாக இருந்தது.

அவசரப்படவில்லை நான். முதல் வாரம் வழக்கம்போலக் காய்ந்த கிளாஸ். இரண்டாம் வாரம் ஈரக் கிளாஸ். மூன்றாம் வாரம் ஊற்றிய கிளாஸ், அதில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் புகை எப்படி விரிகிறது என்று பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகரச் சொன்னேன், எல்லா ஆலையிலும் அப்படிச் செய்வதுண்டு. அன்றைக்கு வேலை முடிந்து அவன் கை கழுவாமல் வீட்டுக்குப் போனான். அதைக் கவனித்துக்கொண்டேன்.

நான்காம் வாரம் முப்பத்தொரு வருஷப் பீப்பாயிலிருந்து ஒரு மாதிரி எடுத்து வைத்திருந்தேன். இளவட்டமாக இருந்தபோது ஃபின்லே தன் கையால் வடித்தது.

"இத மூக்கால மட்டும் எடை போட முடியாது ஃபின்லே. பீட் புகை நாக்கோட அடியிலதான் பேசும். வாயில வச்சுட்டுத் துப்பிரு. தொழில்காரங்க எல்லாரும் துப்புறவங்கதான். துப்பினா அது குடிச்சதாகுமா?"

கிளாஸை என் பக்கமாகத் தள்ளி வைத்தான். மேலாளர் நாளைக்கே உன்னைச் சோதித்துப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மூக்கு வேலை என்றால் சும்மாவா என்றும் கேட்டேன். கடைசியில் கிளாஸை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டான். பீப்பாயிலிருந்து எடுத்த சரக்கு நெருப்பு. கால் நிமிஷத்துக்கு மேல் வாயில் நிற்காது. அவன் கண்ணில் தண்ணீர் கட்டியது. துப்பும் வாளியைத் தேடித் திரும்பினான்.

அந்த வாளியை அன்று காலையில் நான் கழுவ எடுத்துப் போயிருந்தேன்.

மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். அலமாரிப் பக்கம் பார்த்தான். அந்த அறையில் குழாய் கிடையாது. என் நாற்காலி கதவை ஒட்டிக் கிடந்தது, எழுந்திரு என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. தரையில் துப்பியிருக்கலாம் என்பீர்கள். நீங்கள் அக்கரையிலிருந்து வந்தவர். முப்பத்தொரு வருஷச் சரக்கை, அதுவும் தன் கையால் வடித்ததை, தரையில் துப்புகிறவன் இந்தத் தீவில் பிறந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தான். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

விழுங்கிய சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

"நல்லா இருக்குய்யா" என்றான். பிறகு அழுதான்.

மாதிரிப் புட்டிகள் இருக்கும் அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவது கிளாஸை அவனேதான் ஊற்றிக்கொண்டான், அப்போது நான் பக்கத்தில்கூட இல்லை.

இரண்டு மணிக்கு மேலாளரோடு திரும்பினேன். கொஞ்ச நாளாகவே மாதிரிப் புட்டிகள் குறைகின்றன, சொல்லச் சங்கடமாக இருந்தது என்று வழியில் சொல்லி வைத்தேன். ஃபின்லே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் விரலை நீட்டி, "இவனுக்கு மூக்கே இல்ல சார், மண்ணெண்ணெயச் செர்ரிப் பழம்னான்" என்று உளறினான். மேலாளர் என் முகத்தைப் பார்த்தார்.

"பாவம்" என்றேன்.

அன்றே வேலை போயிற்று. வெள்ளிக்கிழமைக் கப்பலில் மோராக் போனாள். துறைமுகத்தில் என்னைத் தாண்டித்தான் நடந்தாள். தடி ஊன்றும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு ஃபின்லே காலை வேளைகளில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பான். வாசலில் நிற்கிறவனை வெறுங்கையாக அனுப்புவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு புட்டியும், குடிக்க நல்ல கிளாஸும் கொடுத்தேன். கோப்பையிலும் குவளையிலும் குடித்தால் வாசனை நிற்காது.

பீட் வெட்டுகிற சதுப்புச் சாலையில் என் வண்டி பத்து நிமிஷம் நின்றதாகத் தபால்காரம்மா சொன்னாளா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். மார்ச் மாதம், காலை ஏழு மணி, நிலமெல்லாம் உறைபனி. பீட் வெட்டிய பள்ளத்தில் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. உயிர் இருந்தது. "டூகல், கை குடுய்யா" என்றான். தெளிவாகத்தான் கேட்டது. ஒரு கையால் கரைப் புல்லைப் பிடித்திருந்தான், இன்னொரு கையில் என் கிளாஸ் இருந்தது. குனிந்து கிளாஸை மட்டும் வாங்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் உடைந்திருக்கும். பிறகு வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவன் கூப்பிடுவது நின்றபோது கிளம்பினேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலையிலிருந்து என் மூக்கு திரும்பிவிட்டது. அதனால்தான் அந்தக் கிளாஸைக் கழுவாமல் அலமாரியில் வைத்திருந்தேன், உங்கள் ஆட்கள் வந்து எடுத்துப்போகும்வரை. தினமும் முகர்ந்து பார்ப்பேன். இதோ, இப்போதும் முகர்கிறேன் பாருங்கள். நனைந்த கம்பளி. நண்டு வேகும் உப்புத் தண்ணீர். ரொம்ப தூரத்தில் ஒரு பேரிக்காய். வேறு யாருக்கு இது வரும்?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

என் கிளாஸ் கிளாஸ்கோவில் பரிசோதனையில் இருக்கிறதா? அப்படியானால் இது உங்கள் வீட்டு கிளாஸா, காலையில் உங்கள் மகள் ஆப்பிள் ஜூஸ் குடித்ததா?

இருக்கலாம் சார்ஜென்ட். ஆனால் அந்த ஜூஸிலும் கொஞ்சம் புகை இருக்கிறது. நீங்களே முகர்ந்து பாருங்கள்.