காற்றின் மேல் ஒரு புகார்

மயிலாள்: ரெண்டு கோடு விழுந்துருச்சு சாமியப்பா! மருந்தடிக்காத பருத்தி வாங்கற கம்பெனிப் புள்ள எங்க பருத்தி எலையக் கசக்கி, அட்டைய வெச்சுப் பாத்தா… ரெண்டு கோடு!

சாமியப்பன்: புள்ளத்தாச்சியான்னு பாக்கற அட்டையாட்டமுங்களாக்கா?

மயிலாள்: இளிக்காத. எங்க நாட்டுப் பருத்தியில பிட்டி, அதான் அந்த மரபணு மாத்துன பருத்தி, கலந்துருக்குதாமா. வேலிக்கு அந்தப் பக்கம் பிட்டி போட்டவன் நீ ஒருத்தன்தான்.

சாமியப்பன்: அதுக்கு…?

மயிலாள்: உன்ற காட்டுப் பூத்தூளு காத்துல வந்துருச்சுன்னு கையெழுத்துப் போடு. காத்துல வந்ததுன்னா மன்னிப்பு உண்டாமா. நாங்களே நட்டதுன்னா கம்பெனி எங்களத் தள்ளிரும்.

தங்கவேலு: விடு மயிலா… பக்கத்துக் காட்டுக்காரங்கிட்ட…

மயிலாள்: நீங்க சும்மா இருங்க! ஒரு சொட்டு மருந்தடிக்காம, புழு தின்னது போக மிச்சத்தப் பொறுக்குனவ நானு. திருப்பூருல பச்சப்புள்ளைக்குச் சட்டை தைக்க எங்க பருத்திதான் வேணும்னாங்க. அதையும் கெடுத்துப்போட்டான்!

சாமியப்பன்: அக்கா, பூத்தூளு வந்தாக் கொட்டையிலதானுங்க தெரியும். எலையில கோடு விழுந்தாச் செடியே பிட்டிங்க.

மயிலாள்: ஓகோ… அப்ப நீயே திருட்டுத்தனமா வந்து நட்டுட்டுப் போனியா?

சாமியப்பன்: அளந்து பேசுங்க! பிட்டி போட்டங்காட்டி வெஷம் விக்கறவனாட்டம் பாத்தீங்க. கோயில் பந்தியில எம் பக்கத்துல எல போட மாட்டேன்னீங்க. வாய்க்கால அடைச்சீங்க. பொறுத்துக்கிட்டனுங்க. இப்பக் கையெழுத்துமா?

தங்கவேலு: சாமியப்பா… வேண்டாம்…

சாமியப்பன்: பேசாதீங்க மாமா! ஆவணியில உங்க காடு மொளைக்காமக் குழி குழியாக் கெடந்தப்ப, எங்கிட்ட மீந்த, பாக்கெட்டுல வளத்த பிட்டி நாத்த வாங்கிட்டுப் போனது ஆருங்க? அக்காகிட்டச் சொல்லிராதேன்னு சத்தியம் வாங்குனது ஆருங்க?





தங்கவேலு: நாந்தான் நட்டேன் மயிலா. கம்பெனிக்காரங்க குடுத்த வெத பாதி மொளைக்கலைன்னு எத்தன போனு போட்டேன்! ஒருத்தன் எட்டிப் பாத்தானா? எலையக் கசக்க மட்டும் காரு வருது… உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவியேன்னுதான்…

மயிலாள்: தெரியாதுன்னு ஆருங்க சொன்னா? நீங்க பாட்டுக்கு நட்டுப்போட்டு உடுமலைச் சந்தைக்குப் போயிட்டீங்க. அந்த வெயில்ல நாத்து வாடாமக் கொடம் கொடமாத் தண்ணி ஊத்துனது நானுங்க.