இடது பக்கம் ஒரு படி கீழே

— பத்து டிகிரி! இடுப்பைப் பத்தே பத்து டிகிரி திருப்பச் சொன்னேன். கப்பலையா திருப்பச் சொன்னேன்?

— மறந்துட்டேன் மாஸ்டர்.

— மறந்துட்டியா? காலையில ஜட்ஜுங்க முன்னாடி பதினோரு பொண்ணுங்க வரிசையா நின்னீங்க. பத்து பேரு அவங்கவங்க குறையை மறைச்சுக்கிட்டு நின்னாங்க. நீ மட்டும் ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி வெச்சு, வயித்தை நேராக் காட்டிக்கிட்டு, ‘வாங்க, வந்து நல்லாப் பாருங்க’ன்னு நிக்கறே!

— மாஸ்டரே, கொஞ்சம் தள்ளி நின்னு கத்துங்க. எச்சில் தெறிச்சா கலர் பொட்டுப் பொட்டாக் கரைஞ்சிடும். அப்புறம் அம்மை போட்டவ மாதிரி மேடையேறுவா. தங்கம், நீ கையைத் தூக்கு. அக்குள்ல வெள்ளையாத் தெரியுது.

— நீங்களே சொல்லுங்கக்கா. வருஷக்கணக்கா இந்த பாடிபில்டிங் பிள்ளைங்களுக்கு மேடைக்குக் கலர் பூசறீங்க. இவ வயிறு எப்படி இருக்கு?

— எனக்கு எல்லா வயிறும் சுவரு மாதிரிதான். ஒரே வித்தியாசம், சுவரு கூச்சத்துல நெளியாது.

— விளையாடாம சொல்லுங்க.

— நல்லாத்தான் இருக்கு. கட்டு கட்டா, எண்ணி எடுத்துடலாம். என்ன, இடது பக்கம் ஒரு படி கீழ இறங்கியிருக்கு. செங்கல் அடுக்கின மாதிரி, ஒண்ணோட நடுவுல இன்னொண்ணு ஆரம்பிக்குது. சுவருக்கு அப்படித்தானே வைக்கணும்?

— சுவருக்குச் சரி. ஜட்ஜுக்கு டைல்ஸ் ஒட்டின மாதிரி கோட்டுக்குக் கோடு சேரணும். கேளும்மா, ஆயிரம் தடவை சொல்லிட்டேன், ஆயிரத்தொண்ணாவது தடவையா கேளு. தோளை வளர்க்கலாம், வளர்த்தோம். முதுகை விரிக்கலாம், விரிச்சோம். தொடைச் சதையைக் கோடு கோடாப் பிரிக்கலாம், பிரிச்சோம். வயித்துக் கட்டு எங்க பிரியணும்கறது மட்டும் பொறக்கும்போதே முடிவாயிடும். அதுல உழைப்பு செல்லாது. திருத்த முடியாது, திருப்பி மறைக்கத்தான் முடியும்.

— தெரியும் மாஸ்டர்.

— தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? உன்னையும் நூத்திப்பதினாலாம் நம்பரையும் நடுவுல கொண்டுவந்து நிறுத்தினாங்களா இல்லையா?

— நிறுத்தினாங்க.

— நடுவுல நிறுத்தினா என்ன அர்த்தம்? மொத ரெண்டு இடம் உங்களுக்குள்ளதான். யாரு ஒண்ணு, யாரு ரெண்டுன்னு அவங்களால முடிவு பண்ண முடியல. அதனால அதே போஸை எத்தனை தடவை கேட்டாங்க?

— மூணு தடவை.

— மூணு தடவையும் மறந்தியா? பேசு.

— அவளை இப்ப பேச வைக்காதீங்க. வயிறு அசையுது, பஞ்சு வழுக்குது.

— அந்த நூத்திப்பதினாலு இந்த வேலைக்கு வந்து பதினாலு மாசம்தான் ஆச்சு. பொறக்கும்போதே தோள்பட்டையோட பொறந்தவ! அங்க பாரு, அந்த மூலையில உட்கார்ந்து ரொட்டியில ஜாம் தடவித் தின்னுட்டிருக்கா. இன்னும் அரைமணியில மேடை, கவலை இருக்கா பாரு. ஏய், நீ பார்க்காதே.

— நான் பார்க்கல மாஸ்டர். வாசனை வருது.

— ஸ்ட்ராபெர்ரி.

— மாம்பழம் மாஸ்டர்.

— மூக்கை மூடிக்கோ. பதினாறு வாரம் உப்பில்லாத கோழியத் தின்னு, கிடங்குல பெட்டி தூக்கிட்டு, நேரா ஜிம்முக்கு வந்து மறுபடியும் இரும்பைத் தூக்கினவ நீ. அவளுக்குச் சும்மா வந்ததை நீ ஒவ்வொரு கிராமா சம்பாதிச்சே. அதை இப்படி ஒரு போஸ்ல கொட்டிட்டு வரலாமா? எனக்கு வயிறு எரியுது.

— உங்களுக்கு ஏன் மாஸ்டரே இவ்வளவு? நீங்களா மேடையேறப் போறீங்க?

— நான் ஏறினவன்தான்க்கா. இருபத்திமூணு வருஷம். இந்தக் காலைப் பாருங்க.

— ஐயோ, பேன்ட்டை இறக்குங்க, பொண்ணுங்க இருக்கற இடம்.

— கெண்டைக்காலைத்தான் காட்டறேன். பாருங்க, கொக்குக்கால்! எங்க அப்பாவுக்கும் இதே கால். மாடிப்படி விளிம்புல நின்னு ஒரு நாளைக்கு ஐநூறு தடவை குதிகாலைத் தூக்கினேன். நடக்கும்போது அழுகை வரும். வலிதான் வளர்ந்தது, கால் வளரல. ரெண்டாவது, மூணாவது, ரெண்டாவது, ரெண்டாவது. எங்க வீட்ல மொதப் பரிசுக்குன்னு ஷெல்ஃபுல நடுவுல ஒரு இடம் விட்டு வெச்சிருந்தேன். கடைசியில என் வீட்டுக்காரி அதுல கடிகாரத்தை வெச்சுட்டா.

— பாவம்.

— இடுப்புக்கு மேல நான் வளர்த்தது, முழங்காலுக்குக் கீழ எங்க அப்பா. எப்பவும் அவருதான் ஜெயிச்சாரு. அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடந்தாப் போதும், அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள்ள திட்டுவேன்.

— நல்லா இருந்திருக்கும் இல்ல மாஸ்டர்?

— எது?

— திட்டறதுக்கு ஒரு கால் வீட்ல நடமாடறது.

— என்ன பேத்தறே? தண்ணி குடிக்காம மண்டை காஞ்சு போச்சா?

— ஒண்ணுமில்ல.

— உங்க அம்மா இன்னிக்காவது வருவாங்களா? மூணாவது வரிசையில ஓரமா டிக்கெட் எடுத்து உன்கிட்ட குடுத்தேனே. காலையில எட்டிப் பார்த்தேன், சீட்டு காலியாத்தான் கிடந்துது.

— அம்மாவுக்கு வேலை இருக்கும்.

— ஆறு வருஷமா அப்படி என்ன வேலை? பெத்த பொண்ணு நாட்டிலேயே பெரிய போட்டியில கடைசி ரவுண்டுல நிக்கறா. வந்து ஒரு மணிநேரம் உட்காரக் கூடாதா? குடுத்த டிக்கெட்டை எல்லாம் என்னதான் பண்றே?

— பர்ஸ்ல இருக்கு. ஆறும்.

— மாஸ்டரே, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. தங்கம், நீயும்தான்.

— சொல்லுங்க.

— போன வருஷமும் நான்தான் இவளுக்குப் பூசினேன். இதோ இதே மாதிரி கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சுத் திரும்பச் சொன்னீங்க. அழகாத் திரும்பினா, வயிறு கோடு போட்ட மாதிரி சேர்ந்துது. நானே அசந்துட்டேன். திரைக்குப் பின்னாடி நின்னு பார்த்தா, மேடையில நேரா நிக்கறா. அதுக்கு முந்தின வருஷமும் அப்படியே. மறக்கறவ ஒரு தடவையாவது நினைவு வந்து திரும்பியிருப்பா இல்ல?

— என்னம்மா சொல்றாங்க இவங்க?

— அக்கா சொல்றது சரிதான் மாஸ்டர்.

— அப்படின்னா?

— தெரிஞ்சேதான் நிக்கறேன்.

— தெரிஞ்சேவா?

— ஆமா.

— ஆறு வருஷமா?

— மேடையேறின எல்லாத் தடவையும்.

— அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்கக்கா. ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? காலையில நாலரை மணிக்கு உனக்காக மட்டும் ஷட்டரைத் தூக்கியிருக்கேன். உன் கோழியை நான் எடை போட்டேன். காய்ச்சல்ல கிடந்தப்ப என் வீட்டுக்காரி வந்து பக்கத்துல உட்கார்ந்தா. என் ஆயுசுல ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மொதப் பரிசு பக்கத்துல இருந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். அந்த ஆசை உனக்கு விளையாட்டாப் போச்சா?

— இல்ல மாஸ்டர். சத்தியமா இல்ல.

— அழாதே தங்கம். கன்னத்துல கோடு விழுந்துடும், மறுபடியும் முதல்லேர்ந்து பூசணும். மேல பாரு. லைட்டைப் பாரு.

— நீங்கதான் மாஸ்டர் சொன்னீங்க.

— நானா? நேரா நில்லுன்னா?

— மொத வருஷம். கொழுப்பெல்லாம் கரைஞ்சு எனக்கு வயிறு தெரிய ஆரம்பிச்ச அன்னிக்கு. கண்ணாடி முன்னாடி நிறுத்தினீங்க. பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டீங்க.

— அடிச்சுக்கிட்டேன். இப்பவும் அடிச்சுக்கத்தான் தோணுது.

— ‘இது உன் உழைப்புல வந்த கோணல் இல்ல, உங்க அம்மாவோ அப்பாவோ குடுத்தது, ரெண்டு பேர்ல ஒருத்தர் சட்டையைத் தூக்கினா இடது பக்கம் இதே மாதிரி ஒரு படி கீழ இருக்கும், எழுதி வெச்சுக்கோ’ன்னு சொன்னீங்க.

— எரிச்சல்ல ஏதாவது சொல்லியிருப்பேன்.

— நீங்க திட்டிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல. சந்தோஷத்துல. எத்தனை தடவை எழுந்து எழுந்து கண்ணாடியில பார்த்தேன் தெரியுமா?

— இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு? உங்க அம்மாகிட்ட கேட்டா சொல்லப் போறாங்க, அவங்களுக்கா, அப்பாவுக்கான்னு.

— எந்த அம்மா மாஸ்டர்?

— எந்த அம்மான்னா? நீ தினம் போன்ல பேசுவியே.

— அவங்களை அம்மான்னு கூப்பிட நாங்க நாப்பத்திரண்டு பேர் இருந்தோம். பெரிய கூடம், ரெண்டு வரிசையாப் பாய். காலையில எல்லாரையும் உட்கார வெச்சு ஒரே சீப்பால தலை வாரி விடுவாங்க. நல்லவங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா இங்க வந்து உட்கார்ந்துட்டா அங்க இருக்கற சின்னதுங்களை யாரு பார்த்துக்கறது? அதான் வர முடியல.

— அப்போ உன்னைப் பெத்தவங்க?

— என்னை வாசல்ல வெச்சுட்டுப் போனவங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைக்கலையாம். பேரு அவங்க வெச்சது. பொறந்தநாள் அவங்க குறிச்சது, நான் வந்து சேர்ந்த நாளு. ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களும் ‘நான் எங்க அப்பா மாதிரி, நான் எங்க அத்தை மாதிரி’ன்னு பேசும்போது நான் பென்சில் சீவிக்கிட்டிருப்பேன்.

— ஏம்மா... ஏன் என்கிட்ட சொல்லல?

— நீங்க ஒவ்வொரு தடவையும் ஆசையா டிக்கெட் எடுத்துட்டு வருவீங்க. சொன்னா எடுக்க மாட்டீங்க இல்ல?

— அடடா... தங்கம்.

— எல்லாத்தையும் நான் உழைச்சு வாங்கினேன் மாஸ்டர். தோளு, முதுகு, தொடை, எல்லாம் என்னோடது, உங்களோடது. இந்தக் கோணல் ஒண்ணுதான் என்னைப் பெத்தவங்க குடுத்தது. இதையும் திருப்பி மறைச்சுட்டா நான் யாருன்னு எப்படித் தெரியும்? சபையில ஐநூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. போட்டோ எடுக்கறாங்க, ஊர் ஊராப் போகுது. எங்கயாவது ஒருத்தர் பார்த்து, ‘அட, இது என்னோட வயிறு மாதிரி இருக்கே’ன்னு...

— கேளும்மா. கேளு. நான் மனசைக் கஷ்டப்படுத்தணும்னு சொல்லல. அந்த மாதிரி வயிறு கண்ணுக்குத் தெரியணும்னா உடம்புல கொழுப்பே இருக்கக் கூடாது. நூத்துல தொண்ணூத்தொன்பது பேருக்குத் தன் வயிறு உள்ள எப்படி இருக்குன்னே தெரியாது. உன்னைப் பெத்தவங்களுக்கு இதே கோணல் இருந்தாலும் அவங்களே அதைப் பார்த்திருக்க மாட்டாங்க.

— பட்டினி கிடந்தாலும் வயிறு தெரியும் மாஸ்டர். வயிறு நிறைய சாப்பிட்டவங்களா இருந்திருந்தா என்னை விட்டுட்டுப் போயிருப்பாங்களா?

— மாஸ்டரே. வாசல்ல பையன் கையைக் காட்டறான். நம்ம நூத்தியேழும் அந்த நூத்திப்பதினாலும் வரணுமாம். அந்தப் பொண்ணு ஜாமைத் துடைச்சுக்கிட்டு எழுந்துட்டா.

— மாஸ்டர், முகத்தைத் திருப்பிக்காதீங்க. நீங்க அழுது நான் பார்த்ததில்ல.

— அழல. இந்தக் கலர் நாத்தம் கண்ணைக் கரிக்குது.

— இன்னிக்குத் திரும்பிடறேன் மாஸ்டர். உங்களுக்காக. பத்து டிகிரிதானே? வீட்டு ஷெல்ஃபுல இருக்கற அந்தக் கடிகாரத்தை எடுத்துடுங்க.

— அவளை அனுப்புங்க மாஸ்டரே, ரெண்டாவது தடவையாக் கூப்பிடறாங்க.

— இருங்கக்கா. இவ வயித்துக்கு இன்னொரு கை எண்ணெய் போடுங்க. கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் அந்தக் கோணல் தெரியணும்.