வியாழக்கிழமைப் பதில்

—அக்கா, நிறுத்திடவா? பழைய சாமான் கடைக்காரன் கீழே வண்டியோட நிக்கறான்.

—இரேன்டா. இருபத்தாறு வருஷம் ஓடின மெயில் சர்வர் மெஷின். ஒரு டீ குடிக்கிற நேரம் ஓடட்டுமே.

—காலையில இருந்து இதையேதான் சொல்றே. மூணு டீ ஆச்சு.

—இந்த அறையில நாப்பது மோடம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் ஆனா ஊரே ஒண்ணா டயல் பண்ணும். கீச்சுகீச்சுனு, மரத்துல குருவி அடையற மாதிரி. அந்தச் சத்தத்துல முழிச்சுகிட்டே கனவு காண்பேன்.

—நீ கனவு கண்டே. நான் ‘லைன் கிடைக்கலை’னு ஊர்ப்பட்ட திட்டு வாங்கினேன். அவ்ளோதான். ஊருக்கே இன்டர்நெட் குடுத்தோம், இப்ப ஈ காக்கா இல்லை. மெயில் பெட்டி எல்லாம் காலி... அட, இல்லை! ரெண்டு பெட்டி மட்டும் அசையுது.

—எந்த ரெண்டு?

—ஒண்ணு ‘மழைக்காரன்’. இன்னொண்ணு ‘மாடிப்படி’. வாராவாரம் வியாழக்கிழமை. மழைக்காரன், “கிடைச்சுது. நல்லபடியா வாங்க”ங்கறான். உடனே மாடிப்படி, “வெளியூர் போயிருக்கேன். வந்ததும் பதில் போடறேன்”ங்குது. இருபத்திரண்டு வருஷமா இதே கூத்து!

—ரெண்டும் ஆட்டோ ரிப்ளைடா. ஆள் இல்லாதப்ப வாரத்துக்கு ஒருதரம் மெஷினே போடற பதில். இது ஒண்ணு சொல்லுது, அது தலையாட்டுது.

—ஆளுங்க செத்தே போயிருப்பாங்க.

—மாடிப்படி சாகலை. உன் பின்னாடிதான் நிக்கறா.

—அக்கா!

—மழை பெஞ்சா அவர் லைன் கட்டாகும். உடனே நம்ம ஆபீசுக்குப் போன் பண்ணுவார். கரகரன்னு குரல். மழை விட்டப்புறமும் பேசிட்டே இருப்போம்.

—எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. அப்புறம்?

—கல்யாணம் பண்ணிக்கலாமானு மெயில் போட்டார். முகமே பார்க்காத ஆளு. பிடிச்சிருந்துச்சுடா, ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதான் பயந்துட்டேன். வெளியூர்னு போட்டுட்டு இதே நாற்காலியில உட்கார்ந்திருந்தேன்.

—அவரு?

—ஆட்டோ ரிப்ளை எப்படிப் போடறதுனு அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அதையே எனக்குத் திருப்பிப் போட்டுட்டார். ரெண்டு வாரம் பார்த்தேன், ஒரே வரி. அப்புறம் பெட்டியைத் திறக்கவே இல்லை. வியாழக்கிழமை இந்தப் பச்சை விளக்கு மினுக்குனு ஒருதரம் எரியும். அதுவே போதும்னு இருந்துட்டேன். சரி, நிறுத்துடா.

—இரு.

—இப்ப நீ இருங்கறியா?

—மெஷின் போட்டா ஒரே நேரத்துக்கு வரணும். மழைக்காரனோடது ஒரு வாரம் நாலு மணிக்கு வருது, ஒரு வாரம் ஆறரைக்கு. போன மாசம் ஒரு வியாழக்கிழமை வரவே இல்லை. அதுக்கு அடுத்த வாரம் வந்ததைப் படிக்கிறேன், கேளு. “போன வாரம் காய்ச்சல். எழுத முடியலை. கோவிச்சுக்காதீங்க. நல்லபடியா வாங்க.”

—என்னடா சொல்றே?

—மெஷினுக்குக் காய்ச்சல் வருமாக்கா?