சுவருக்கு அந்தப் பக்கம்

ஜெலட்டின் கட்டியை வெயிலில் வைக்கக் கூடாது, மேடம். இளகிவிடும். என் கொட்டகையிலிருந்து எடுத்த கட்டிகளை உங்கள் ஆட்கள் வெளியே வேன் பக்கத்தில் அடுக்கியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரிடமாவது சொல்லி நிழலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அவை இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அதெல்லாம் எதற்கு என்று கேட்டீர்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கு, நுனியில் குழி உள்ள குண்டைத்தான் போட வேண்டும். அது உடம்புக்குள் போனதும் காளான் போல விரிந்து அங்கேயே நின்றுவிடும். விரியாமல் போனால் ஆளையும் துளைத்து, அவன் பின்னால் இருக்கும் சுவரையும் துளைத்து, அடுத்த அறையில் இருப்பவர் மேல் பாயும். கென்டக்கியில் எங்கள் பக்கத்து வீடுகளின் சுவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஓங்கித் தட்டினால் கை அந்தப் பக்கம் வந்துவிடும். அதனால் எந்தக் குண்டு விரியும், எது ஏமாற்றும் என்று சுட்டுப் பார்த்துச் சொல்ல ஒருவன் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் ஹார்லோ கிரீக்கில் அந்த ஒருவன் நான்தான். சதைக்குப் பதில் ஜெல்லி போல உறைந்த ஜெலட்டின் கட்டி, சட்டைக்குப் பதில் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி. எல்லோரும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். சர்ச்சின் கீழறையில் பெண்களுக்கு வகுப்புகூட எடுத்தேன். லாய்ட் சொல்லிவிட்டான் என்றால் ஊரில் அதையே வாங்குவார்கள்.

நடீன் ப்ரூயிட்டும் அப்படித்தான் வாங்கினாள். புருஷன் போனபின் அக்கா ஓப்பலோடு ட்ரெய்லர் வீட்டில் இருந்தவள். பனிக்காலத்தில் ஒரு திருடன் கதவை உடைத்து உள்ளே வந்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே சுட்டாள். ஆனால் அவன் போட்டிருந்தது பஞ்சு வைத்துத் தைத்த கித்தான் கோட்டு. குண்டின் குழியில் பஞ்சு போய் அடைத்துக்கொண்டது. குண்டு விரியவே இல்லை. அவன் விலாவைத் துளைத்து, சுவரைத் துளைத்து, பக்கத்து அறையில் படுத்திருந்த ஓப்பலின் தோளில் பாய்ந்தது. திருடன் பிழைத்துக்கொண்டான். ஓப்பலுக்கு அந்தக் கை இனி இல்லை. நான் ஜீன்ஸ் துணியில்தான் சோதித்திருந்தேன். பனிக்காலத்தில் எங்கள் ஊரில் எவன் ஜீன்ஸ் சட்டையோடு திரிகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் பிழைதான். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வகுப்பை நிறுத்தினார்கள். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ராய்ஸ் டாக்கெட்டைத் தவிர. ராய்ஸ் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். வாய் கொஞ்சம் நீளம், மனசில் கள்ளம் கிடையாது. துப்பாக்கிக் கடையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"ஏன்டா லாய்ட், அந்த ஜெல்லியைச் சுடுறதுக்குப் பதிலா கிண்ணத்துல போட்டுத் தின்னாலாவது புண்ணியம் உண்டுல்ல?"

"புதுசா ஒண்ணு சோதிச்சிருக்கேன் ராய்ஸ். கோட்டு சுத்தி, பன்னி விலா வச்சு. அருமையா விரியுது."

"செத்த பன்னி ஓடாது, மூச்சு விடாது. அது சொல்றதை நம்பச் சொல்றியா?" என்று சுற்றி இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஒண்ணு செய். உன் பொண்டாட்டியைச் செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சுட்டு, இந்தப் பக்கம் ஒருத்தனைச் சுட்டுக் காட்டு. அப்ப வாங்குறேன் உன் குண்டை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

முதலில் வந்த போலீஸ்காரரிடம், ராய்ஸைத் திருடன் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்றேன். என் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்தவன் என்பதால் அவரும் நம்பினார், தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். நீங்கள் மட்டும்தான் சரியான கேள்வி கேட்டீர்கள். இத்தனை வெயிலில் அவன் ஏன் கோட்டு போட்டிருந்தான் என்று கேட்டீர்கள். கெட்டிக்காரர் நீங்கள்.

நான்தான் போட்டுவரச் சொன்னேன். வேலிக்குப் பின்னால் முள்புதர் மண்டிக்கிடக்கிறது, வெட்ட ஒரு கை கொடு, கித்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு வா, இல்லாவிட்டால் கை கால் எல்லாம் கிழிந்துவிடும் என்று சொன்னேன். ராய்ஸ் கூப்பிட்டால் வருகிறவன். சமையலறைக் கதவைத் தட்டி உள்ளே வந்ததாக எனக்கு நினைவே இல்லை. தன் வீடு போலத்தான் வருவான்.

அன்றும் அப்படித்தான் வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"டேய், காப்பி இருக்கா? இந்தக் கோட்டுக்குள்ள வெந்து சாகுறேன்." அப்புறம்தான் என் கையைப் பார்த்தான். "என்னடா, இங்கயும் சோதனையா?"

அவனைச் சுவரை ஒட்டி நிற்கச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நின்றான், தொப்பியைக்கூடச் சரிசெய்துகொண்டான். நெஞ்சில் சுட்டேன். ஒரே ஒரு முறைதான். ஜெலட்டின் கட்டி ஒரு துள்ளு துள்ளி அடங்கும். ராய்ஸ் அடங்க நேரமாயிற்று. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, கையால் துளையைத் தடவிப் பார்த்து, "கோட்டு போச்சேடா லாய்ட்" என்றான். அவன் மனைவி வாங்கிக்கொடுத்த கோட்டு அது. பிறகு வாயில் ரத்தம் நுரைத்தது. ஏதோ கேட்டான், எனக்குப் புரியவில்லை. குதிகால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன. அவன் அப்பால் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, பின்னால் சுவரைத் தடவினேன். கோட்டின் முதுகிலும் துளை இல்லை, சுவரிலும் ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் போன் செய்தேன். அதற்கு முன்பே செய்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராய்ஸை எனக்குப் பிடிக்கும். அவனை மட்டும் கொல்வதென்றால் வேட்டைக்குக் கூட்டிப்போய் மரத்தடியில் சுட்டிருப்பேன், இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. ஓப்பலுக்கு நடந்தது இனி எவருக்கும் நடக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது.

அதனால்தான் அன்று காலையில் என் மனைவி மர்லீனின் தையல் நாற்காலியை நகர்த்தினேன். இங்கே உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக விழும் என்றேன். சமையலறைச் சுவருக்கு நேர் அந்தப் பக்கம். என்மேல் நம்பிக்கை உள்ளவள், ஏன் என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்தாள். சுட்டு முடிந்ததும், "என்னங்க, என்ன சத்தம் அது?" என்று சுவருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன் மேடம், அந்தக் குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அவளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டீர்கள் என்கிறீர்கள். அப்படியானால் தன் புருஷன் தன்னை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகும் ஏன் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை?