முப்பது நாள் காவல்காரன்

— அந்த ஸ்கேனை நிறுத்துக்கா. நான் போட்டுக் கொடுத்த ஃப்ரீ ஆன்டிவைரஸுக்கு என்ன குறைச்சல்? ரெண்டு வருஷத்துல ஒரு தொந்தரவு உண்டா?

— தொந்தரவே இல்லாததுதாண்டா எனக்கு உறுத்துது. இந்தா பாரு, முதல்ல உக்காரு. வந்ததுலேருந்து வாசலுக்கும் மேசைக்கும் அளந்துக்கிட்டே இருக்கே.

— யாரு போட்டது இந்த ட்ரையலை?

— எதிர்வீட்டு டீச்சர். முப்பது நாளைக்குச் சும்மாவாம். பிடிச்சிருந்தா அப்புறம் பணம் கட்டிக்கலாமாம்.

— அதான் சொல்றேன். ட்ரையல்னாலே எதையாவது வைரஸ் வைரஸ்னு பயம் காட்டும், நம்மளை வாங்க வைக்கிறதுக்கு. இதே தொழில்ல இருக்கறவன் நான், சொன்னா கேளுக்கா.

— எங்க இரும்பு வார்ப்பாலையிலயும் ஆளை முப்பது நாள் தற்காலிகம்னுதான் எடுப்பாங்க. அந்த முப்பது நாளும் அவன் உலைக்கு முன்னாடி நிக்கற நிப்பைப் பாக்கணுமே. நிரந்தரம் ஆனவனுக்குத்தான் கண்ணு சொருகும். இதுவும் புது ஆளுதானே, ஓடட்டும்.

— எவ்வளவு ஓடியிருக்கு?

— நூத்துக்கு நாப்பத்தொண்ணு.

— அஞ்சு மணிக்குச் சங்கக் கூட்டம். செயலாளர் நீயே இங்க உக்காந்து திரையைப் பாத்துக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?

— கூட்டத்துல என்ன பேசப் போறோம்னு தெரியும்ல உனக்கு?

— கிரேன்காரரைச் சங்கத்துலேருந்து நீக்கப் போறீங்க. தெருவுக்கே தெரியும்.

— பதினெட்டு வருஷம் என் தலைக்கு மேல உருகின இரும்பைத் தூக்கிக்கிட்டுப் போன மனுஷன். ஒரு சொட்டு சிந்தினதில்ல. அவரைப் போயி நிர்வாகத்துக்குக் காட்டிக் கொடுத்தவருன்னு என் வாயால சொல்லணும்.

— பின்னே? மணல் கலக்கிற மெஷின்ல ஒருத்தனுக்குக் கை போச்சு. மெஷினுக்கு மூடியே இல்லைன்னு புகார் எழுதினீங்க. யார் யார் சாட்சின்னு பட்டியல் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. ரெண்டே நாள்ல சாட்சி மூணு பேருக்கும் வேலை போச்சு. பட்டியலைப் பாத்தது நீயும் அவரும்தான். நீ சொல்லல. அப்ப யாரு?

— இதையேதான் ஒரு மாசமா என் காதுல ஓதிக்கிட்டு இருக்கே.

— உள்ளதைச் சொன்னேன்.

— தம்பி, இதுக்குள்ள ஏதாவது இருக்குமா? இருந்தா இப்பவே சொல்லிடு.

— என்ன இருக்கப் போவுது? நாலு குப்பை ஃபைல் இருக்கும். இப்ப எத்தனை?

— அறுபத்தெட்டு. மறுபடி எந்திரிக்காதே. பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடறப்ப டீச்சர் ஒண்ணு காட்டினாங்க. இன்ன ஃபோல்டரைப் பாக்காதே, விட்டுடுன்னு நாமளே சொல்லி வைக்கலாமாமே. பழசுல அப்படி ஒண்ணை யாரோ சொல்லி வச்சிருக்காங்க.

— அது... நான்தான் வச்சேன். வேகமா ஓடணும்னு வைக்கிறது. எல்லா வாடிக்கையாளருக்கும் வைப்பேன்.

— இருக்கலாம். பழசு உன் பேச்சைக் கேட்டுச்சு. புதுசுக்கு உன்னைத் தெரியாதுல்ல. அதுக்குச் சொல்லி வச்சதெல்லாம் இதுக்கு வராதாம்.

— வராதா?

— இதே தொழில்ல இருக்கறவன் நீ, என்னைக் கேக்கறே.

— கொஞ்சம் தள்ளுக்கா. நான் பாத்துக்கறேன்.

— கையை எடு.

— ஏதோ சத்தம் வந்துச்சே, என்ன அது?

— சிவப்புல ஒண்ணு காட்டுது. நாம எழுதறது, திறந்து பாக்கறது எல்லாத்தையும் வேற எங்கேயோ அனுப்பற புரோகிராமாம்.

— அப்ப அவருதான். கிரேன்காரரு. புகார் எழுத வந்தப்ப இந்த நாற்காலியிலதானே உக்காந்தாரு? நான் சொன்னேன், நீ நம்பல. இதையே கூட்டத்துல காட்டு.

— எப்ப வந்துச்சுன்னும் போட்டிருக்கு. கை போன அன்னைக்கு, மத்தியானம் மூணு இருபது. அந்நேரம் அவரு ஆஸ்பத்திரியில ரத்தம் கொடுத்துட்டுப் படுத்திருந்தாரு. பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். வீட்டுச் சாவி, கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது, சரி பண்றேன்னு வாங்கிட்டுப் போன உங்கிட்டதான் இருந்துச்சு.

— உங்க ஆலை மேனேஜர் கூப்பிட்டு விட்டாருக்கா. ஆபீஸ்ல அறுபது கம்ப்யூட்டர். வருஷம் பூரா சர்வீஸ் உனக்குத்தான்னாரு. சங்கம் என்ன எழுதுதுன்னு தெரிஞ்சா போதும், ஒருத்தரையும் வேலையை விட்டு எடுக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணாரு. நம்பிட்டேன்.

— மூணு பேரு வேலை போனப்புறமும் நம்பினியா?

— அப்புறம் எப்படிச் சொல்றது? நீ சொல்லு, உன் மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?

— அதனால அவரைச் சொன்னே.

— இப்பவே அழிச்சிடறேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம். சாட்சி பத்தலைன்னு சொல்லி அவரை விட்டுடுங்க. உன் கூடப் பொறந்தவன்க்கா நான்.

— நேத்து சாயங்காலமே இது கண்டுபிடிச்சிடுச்சு. அழிக்கவான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னு விட்டேன். நீயா வாயைத் திறந்து சொல்லிடுவேன்னு பாத்தேன்.

— நேத்தே தெரியுமா? அப்ப மறுபடி எதுக்கு ஓட்டினே?

— நான் சொல்லியிருந்தா கிரேன்காரரு நம்பியிருக்க மாட்டாரு. உன்னைத் தூக்கி வளர்த்தவராச்சே. அண்ணே, எல்லாம் கேட்டீங்கல்ல, சமையல்கட்டுலேருந்து வாங்க, கூட்டத்துக்கு நேரமாச்சு. இவனையும் கூட்டிக்கிட்டே போவோம்.