சத்தம் வராத பதிப்பு

கணினிக்குப் புதிதாக எது வந்தாலும் ஊருக்கு முன்னால் போட்டுப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. கெட்ட பழக்கம் என்பாள் என் மனைவி சுபஸ்ரீ. இயங்குதளத்துக்குச் சோதனைப் பதிப்பு என்று ஒன்று விடுவார்கள், ஐயா. முழுதாக முடிந்திருக்காது. நாம் ஓட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். நான் ஒழுங்காக அனுப்புகிறவன்.

நீங்கள் பொன்னேரியிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், எங்கள் மீனவர் குப்பத்து வழக்கம் தெரிந்திருக்காது. ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை உண்டு. பாடு என்போம். தகப்பன் வழியாக வருவது. காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது, போனேன். துறைமுகம் வேண்டாமென்று ஊரே மறியலில் உட்கார்ந்திருந்த நேரம். வேலை முடிந்து திரும்பினால் என் பாட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னவர் ஊர்த் தலைவர் சுப்பராயலு. என் மாமனார்.

"தொறமுகத்துக்குப் போனவனுக்கு ஏரி இன்னாத்துக்கு?" என்று கூட்டத்தில் கேட்டார். என் நைனா வலை போட்ட தண்ணீர் அது. பெண் கொடுத்தவர் கேட்கிறார். எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. அதே கூட்டத்தில், மீனவர் சங்கத்துக் கணினியை மட்டும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வேறு யாருக்கும் தெரியாதே. சரியென்றேன்.

அந்தக் கணினிக்கு ஒரே வேலை. கடல் எச்சரிக்கை வந்தால், சங்கக் கூரை மேலிருக்கும் ஒலிபெருக்கிக் குழாயில் தானாக வாசித்துவிடும். மற்ற நாட்களில் வாய் திறக்காது. முதலில் எல்லோரும் கைபேசியையும் பார்த்தார்கள், வானத்தையும் பார்த்தார்கள். போகப் போக விட்டுவிட்டார்கள். குழாய் பேசவில்லையென்றால் கடல் நன்றாக இருக்கிறது, படகைத் தள்ளு. அது தப்பு என்று ஒரு முறை சொன்னேன். யார் கேட்டார்கள்?

சோதனைப் பதிப்பை முதலில் என் மடிக்கணினியில் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரே குறை, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் சத்தம் செத்துவிடும். திரையில் எல்லாம் சரியாகக் காட்டும், ஒலி மட்டும் வராது. எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அதே பதிப்பைச் சங்கத்துக் கணினியில் போட்டேன். அந்த வரிசையை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஐப்பசியில் ஒரு நாள் விடியும்போது நான் சங்கத்தில் இருந்தேன். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. சூறைக்காற்று, யாரும் கடலுக்குப் போக வேண்டாம். ஒலியளவு முழுதாக இருப்பதாகக் காட்டியது. குழாய் ஊமையாக இருந்தது. குழாயோடு தனியாக இணைத்த மைக் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நாலு வார்த்தை பேசினால் போதும். நான் எடுக்கவில்லை.

மாமனார் வாசலில் வந்து நின்றார். கூடவே பூபதி, அவர் படகில் கூலிக்குப் போகிறவன். பூபதிமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

"இன்னா மாப்ள, பொட்டி ஒண்ணியும் சொல்லலியே?" என்றார். பாட்டை எடுத்த பிறகு அன்றைக்குத்தான் என்னை மாப்பிள்ளை என்றார். "மத்தியானமா வூட்டாண்ட வா. அந்தப் பாடு விசயத்தப் பேசி முடிச்சிக்கலாம்."

அதில்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூட்டம் கூட்டி எல்லார் முன்னாலும் பிடுங்கியதை, வாசற்படியில் நின்று பிச்சை போடுவதுபோலத் தரப்பார்க்கிறார். சிவப்பு எழுத்து என் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஒண்ணியும் இல்ல மாமா. போய்ட்டு வாங்க" என்றேன்.

கரையை ஒட்டி மீன்பிடித்த படகுகள் காற்று மாறியதும் திரும்பிவிட்டன. மாமனார் ஆழத்துக்குப் போகிறவர். பூபதி மறுநாள் கரை ஒதுங்கினான். மாமனார் ஒதுங்கவேயில்லை.

சுபஸ்ரீ சாப்பிடாமல் கிடக்கிறாள். "கொழா மட்டும் பேசியிருந்தா நைனா போயிருக்கவே மாட்டாரு இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஆமாம், போயிருக்க மாட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, ஐயா.