காற்று புகாத கார்

பெட்ரோல் கார் ஓட்டுகிறவர்களுக்குக் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது மேடம். இன்ஜின் போடுகிற கூச்சலில் அது அமுங்கிவிடும். நானும் பாதி ஆயுசு அப்படித்தான் நிம்மதியாக ஓட்டினேன். மின்சாரக் கார் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. எண்பதைத் தொட்டால் போதும், காதோரம் யாரோ பல்லிடுக்கில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். நேராகக் கணவாயில் நடந்ததற்குப் போனால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் பெர்கன் நகரில் நூலகர். பொறுமை என் தொழில். காற்று எங்கே புகுகிறது என்று பார்க்க ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்ப்பேன். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். பீடிங்குக்குள் மெல்லிய ரப்பர் குழாயை நுழைத்தேன். பக்கக் கண்ணாடியின் அடியில் பஞ்சு அடைத்தேன். காரின் எல்லா இடுக்கிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தேன். ஜனவரி முடிவதற்குள் காருக்குள் என் கைக்கடிகாரச் சத்தம் கேட்டது. அவ்வளவு சுத்தம்.

ஸ்டைனாருக்கு அது பொறுக்கவில்லை. என் மனைவி இங்குன்னின் தம்பி. பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியார். சொந்தமாகக் கார் கிடையாது. எங்கள் மலைவீட்டுக்குப் போகும்போதெல்லாம் தொற்றிக்கொள்வான். கால் நீளம் என்று முன் சீட்டில் அவன். என் மனைவி பின்னால்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க அத்தான். ஆனா என் பக்கத்துக் கதவுல ஏதோ ஒண்ணு கேக்குதே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"வயசாயிடுச்சு, காது மந்தமாத்தான் இருக்கும். விடுங்க."

அடுத்த வளைவில் எனக்கும் கேட்கும். மெல்லிய விசில். வரும், நிற்கும், மறுபடி வரும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ரசித்துக்கொண்டிருப்பான்.

அந்த விசிலுக்காக அந்தக் கதவைப் பிரித்தேன், சேர்த்தேன், மறுபடி பிரித்தேன். கூரையின் உள்துணியைக் கிழித்தேன். குளிர்காலம் முழுக்கக் கராஜிலேயே சாப்பாடு. இங்குன் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு போவாள். என்மீது பரிதாபம் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு அவள் முன்னாலேயே ரயிலில் போய்விட்டாள். நானும் ஸ்டைனாரும் கூரைமேல் பனிச்சறுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கணவாயில் பனிப்புயல். தடுப்பைப் போட்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, பனி வாரும் வண்டி முன்னால் போக, கார்கள் வரிசையாகப் பின்னால் போக வேண்டும். வண்டிக்காரர் ஒவ்வொரு காராக எண்ணிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"நீங்கதான் கடைசி. பின்னாடி விளக்கப் போட்டுக்குங்க. முன்னாடி போற சிவப்பு விளக்க மட்டும் விட்றாதீங்க. என்ன ஆனாலும் காரை விட்டு இறங்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது," என்றேன். ஸ்டைனாரும்தான் தலையாட்டினான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதி வழியில் வரிசை நின்றது. எதிரே வெள்ளைச் சுவர். காற்று காரைப் பிடித்து உலுக்கியது. உள்ளே தேவாலய அமைதி. அப்போது தலைக்கு மேலே படபடவென்று ஒரு சத்தம். பெட்டியில் நான் ஒட்டியிருந்த டேப்பின் நுனி கிளம்பிவிட்டது.

ஸ்டைனார் சிரிக்கத் தொடங்கினான். "அத்தான், சத்தியமா இத நான் பண்ணல."

"அப்ப எத நீ பண்ணின?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் மெல்ல ஊதினான். அதே விசில். அப்படியே, அச்சு அசலாக.

"நான்தான் அத்தான். மொத்தமும் நான்தான். அக்காவுக்குக்கூடத் தெரியும், சிரிப்ப அடக்க முடியாம அவ பட்ட பாடு! நீங்க கதவ மடியில வெச்சுக்கிட்டுக் குழந்த மாதிரி பாத்துட்டு இருந்தீங்களே, அந்தப் போட்டோ எங்க ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் இருக்கு."

நானும் சிரித்தேன் மேடம். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்: "சரிடா, அதுக்குத் தண்டனையா இறங்கிப் போய் அந்த டேப்ப அமுக்கிட்டு வா."

"ஐயோ, ஜட்ஜையா சொல்லிட்டாரு," என்று கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினான். போனைச் சார்ஜில் போட்டபடியே விட்டுவிட்டுப் போனான்.

அவன் டேப்பை அமுக்கிக்கொண்டிருந்தபோது வரிசை நகர்ந்தது. முன்னால் போகிற சிவப்பு விளக்கை விடக் கூடாது என்பது விதி. காரை விட்டு இறங்கக் கூடாது என்பதும் விதி. எங்கள் இருவரில் விதியை மீறியது யார் என்று நீங்களே பாருங்கள். ஜன்னல் கண்ணாடியில் அவன் இரண்டு கையாலும் அறைந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. உள்ளே ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் குரல் சாதாரணக் குரல் அல்ல, மைதானத்தில் விசில் இல்லாமலே பிள்ளைகளை நிறுத்துகிற குரல். அதுவே வரவில்லை. என் உழைப்புக்கு யாரும் தராத சான்றிதழ் அது.

கொஞ்ச தூரம் போனதும் விசில் கேட்டது.

பக்கத்து சீட் காலி. ஊதுவதற்கு ஆள் இல்லை. ஆனாலும் கேட்டது, மெல்லிதாக, விடாமல், அவன் கதவுப் பக்கம். அப்படியானால் அவன் சொன்னது பொய். விசில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. என் காது மந்தமில்லை, நான் கோமாளியும் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

கணவாயின் மறுபக்கத் தடுப்பில் வண்டிக்காரர் கார்களை எண்ணினார். கணக்குச் சரியாக வந்தது. அவர் எண்ணுவது கார்களை, தலைகளை அல்ல. "எல்லாம் ஓகேதானே?" என்றார். விசில் எங்கிருந்து வருகிறது என்ற யோசனையிலேயே இருந்தேன். "ஓகே," என்றேன். பின்னால் பாதையை மூடிவிட்டார்கள்.

மலைவீட்டில் இங்குன் ஆரஞ்சு உரித்துக்கொண்டு, ஈஸ்டருக்கு ஊரே படிக்கிற கொலை நாவல்களில் ஒன்றில் மூழ்கியிருந்தாள். "தம்பி எங்க?" என்றாள். கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டான் என்றேன். "அவன் என்னைக்குச் சொன்ன பேச்சக் கேட்டான்," என்று பக்கத்தைத் திருப்பினாள். பிறகு அவன் போனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் முற்றத்தில், காருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே நின்று பனியைத் தள்ளினாளே, அவளுக்குக் கேட்கவில்லை. உங்கள் கான்ஸ்டபிள் கதவைத் திறந்த பிறகுதான் கேட்டது என்று நீங்களே சொன்னீர்கள்.

புயல் ஓய்ந்து பாதையைத் திறந்தபோது அவன் உடல் கிடைத்த கதையையும் சொன்னீர்கள். அவன் வலக்கையில் மட்டும் கையுறை இல்லை என்றீர்கள். அந்தக் கையுறை என் காரில் எப்படி வந்தது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள்.

விசிலைத் தேடினேன் என்றேனே, அங்கேதான் இருந்தது. தடுப்பைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, காகிதத் துண்டை எடுத்துக்கொண்டு கதவைச் சுற்றி வந்தேன். பீடிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பளிக் கையுறை மாட்டியிருந்தது. விரல்கள் உள்ளே, மணிக்கட்டு வெளியே.

ஆமாம். வரிசை நகர்ந்ததும் அவன் கதவைத் திறந்துவிட்டான். கை உள்ளே வந்துவிட்டது. "அத்தான், நில்லுங்க," என்றான். கதவு திறந்திருந்ததால் அது கேட்டது. நான் எட்டிக் கதவை இழுத்து மூடினேன். கை வெளியே போனது, கையுறை நின்றுவிட்டது. பூட்டை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் அவன் கண்ணாடியில் அறைந்ததும் நான் கிளம்பியதும். தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். கையுறையை எடுத்த பிறகு மலைவீடு போய்ச் சேரும்வரை காருக்குள் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் மேடம். என் கதவில் எந்தக் குறையும் இல்லை.